‘ஆறு கோழிகளுக்கு’ என்று எழுதியிருந்த கூடு

வீட்டுப் பின்புறத்தில் ஆறு பெட்டைக் கோழிகளுக்காக வாங்கி வைத்த மரக்கூடு ஐந்து மாதம்கூட முழுதாக நிற்கவில்லை. காற்றில் சாயவில்லை, மழையில் இற்றுப்போகவில்லை. நானே திருப்புளியை எடுத்துக் கழற்றிப் போட்டேன். அதற்குள் ஒரு கோழி போய்விட்டது. மீதி ஐந்தில் இரண்டுக்குக் கொண்டை வெளிறியிருந்தது. பொழுது சாய்ந்தால் ஐந்துமே கூட்டுக்குள் போக மறுத்தன.

இதில் கூட்டை விற்றவர்களைவிட என் பங்குதான் பெரிது. கூட்டை நான் பகலில் பார்த்து வாங்கினேன். சாயம் அழகாக இருந்தது, கதவு சிக்காமல் திறந்தது, முட்டை எடுக்க வெளிப்பக்கம் தனியாக ஒரு மூடி இருந்தது. கோழி அதற்குள் இருப்பதோ இரவில், கதவைச் சாத்திய பிறகு, பதினொன்று பன்னிரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று நான்காவது மாதம்வரை நான் எட்டிப் பார்த்ததே இல்லை. கீழே வரும் கோளாறுகளில் நாய் வந்ததைத் தவிர எதுவும் திடீரென்று நடக்கவில்லை. எல்லாம் இரவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தவை. நாய்கூட இரவில்தான் வந்தது.

வாங்கிய கூடு எப்படி இருந்தது

பெட்டியின் மேல் ‘ஆறு கோழிகளுக்கு’ என்று அச்சடித்திருந்தது. பாகங்களை இணைத்து முடிக்க அரை நாள் ஆனது. தூங்கும் அறை 3 அடி நீளம், 2 அடி அகலம். அதன் கீழும் பக்கத்திலுமாக வலையடித்த திறந்த பகுதி சுமார் 15 சதுர அடி. உள்ளே கோழிகள் ஏறி உட்கார்ந்து தூங்க 2 அடி நீளத்தில் இரண்டு அமர்கட்டைகள். வெளியே துருத்திக்கொண்டிருந்த முட்டைப் பெட்டியில் 9 அங்குல அகலத்தில் இரண்டு அறைகள். காற்றுக்கு ஒரு பக்கச் சுவரில் கையகலத்துக்கு ஒரு நகர்த்து பலகை.

இப்போது கணக்குப் போடுவது எளிது. 6 சதுர அடியில் 6 கோழி என்றால் ஒன்றுக்கு 1 சதுர அடி. வீட்டில் வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு, தூங்கும் அறையில் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியில் 8 முதல் 10 சதுர அடி. பகல் முழுக்கத் திறந்துவிடுகிறவர்கள் உள் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறார்கள், அது வேறு. எனக்கு உறைத்தது இன்னொரு ஒப்பீடு. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் கொண்டுவந்த முட்டைக்கோழி விதிகளில், கூண்டில்லாத வணிகப் பண்ணைக்கே ஒரு சதுர மீட்டருக்கு 9 கோழிதான் உச்சவரம்பு. கோழி ஒன்றுக்கு ஏறக்குறைய 1.2 சதுர அடி. நான் ஆசை ஆசையாகப் பின்புறத்தில் வைத்த கூட்டில் அதைவிட நெருக்கம். அந்தப் பண்ணைகளில் காற்றோட்டத்துக்கு ஏற்பாடு இருக்கும். என் கூட்டில் இருந்தது அந்தக் கையகலப் பலகை மட்டும்.

அப்படியானால் முதல் சில வாரங்கள் ஏன் ஒரு குறையும் தெரியவில்லை? வாங்கியபோது கோழிகளுக்கு 14 வார வயது. பாதி வளர்ந்த பறவைகள் அந்த அறையில் தாராளமாகவே இருந்தன. ஐந்து மாத வயதை ஒட்டி உடம்பு நிறைந்து முட்டைக்கு வரும்போது அறை அப்படியே இருந்தது, பறவைகள் மட்டும் பெருத்துவிட்டன. படத்தில் அழகாகத் தெரியும் கூடுகள் பலவற்றில் நிற்கும் கோழிகளைக் கவனித்தால் அவை குட்டை இனமாகவோ வளராத பருவத்திலோ இருக்கும். இதை நான் பிறகுதான் கவனித்தேன்.

முதல் அறிகுறி: அழுக்கு முட்டை

முட்டையிடத் தொடங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து பாதிக்கு மேற்பட்ட முட்டைகளில் எச்சம் அப்பியிருந்தது. முட்டைப் பெட்டியில் வைக்கோலை அடிக்கடி மாற்றினேன். மறுநாள் காலை மீண்டும் அதே கதை. முட்டை அழுக்காவதற்கும் தூங்கும் இடத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

கோழி இருட்டும்போது கிடைக்கிற இடங்களில் உயரமானதைத் தேடி ஏறும். எங்கள் கூட்டில் அமர்கட்டையும் முட்டைப் பெட்டியின் தரையும் ஒரே மட்டம். கட்டையைவிட மூலையில் ஒடுங்கியிருக்கும் பெட்டி சில கோழிகளுக்குப் பிடித்துப்போயிற்று. தூங்கும்போதும் கோழி எச்சமிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆக, இரவில் கழிப்பறையாக இருந்த இடத்தில் காலையில் வந்து முட்டையிட்டன.

கட்டையைக் கணக்கில் மட்டும் பார்த்தால் குறையில்லை: மொத்தம் 4 அடி, ஆளுக்கு 8 அங்குலம். ஆனால் இரண்டு கட்டைகளுக்கும் நடுவே 8 அங்குல இடைவெளிதான். முன்வரிசைக் கோழியின் வால் பின்வரிசைக் கோழியின் முகத்தில். உண்மையில் அங்கே இருந்தது ஒன்றரைக் கட்டை. இடம் போதாதபோது யார் இறங்குவது என்பதைக் கோழிகளே முடிவு செய்துவிடும். யார் யாரைக் கொத்தி விரட்டலாம் என்ற கொத்து வரிசையில் கடைசியாக இருந்த புள்ளிக்காரி தினமும் தரையில் படுத்தாள். மேலேயிருந்து விழும் எச்சம் அவள் முதுகில். முதுகு அழுக்காக இருப்பதைப் பார்த்து அவள் புழுதியில் சரியாகக் குளிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். கோழியின் நடத்தையைக் குறை சொல்வது எவ்வளவு சுலபம்!

இரண்டாவது: ஈரமும் நெடியும்

மூன்றாவது மாதம் தொடர்மழை. கூட்டின் கூரை ஒழுகவில்லை. ஆனாலும் காலையில் கதவைத் திறந்தால் கூரைத் தகட்டின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர். தும்மல் தொடங்கியது, ஒன்றுக்கு ஒரு கண் நீர் வடிந்தது. சளி என்று முடிவுகட்டி, குளிர்காற்று படாமலிருக்க அந்த ஒரே காற்றுப் பலகையையும் மூடினேன். இந்தக் கூட்டு விஷயத்தில் நான் செய்த பெரிய தவறு இதுதான் என்று இப்போது சொல்வேன்.

ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் அதற்கும் மேல். ஆறு கோழிக்கு ஒன்றரை லிட்டர். அதில் முட்டைக்குப் போனது போக மிச்சம் மூச்சுக் காற்றிலும் எச்சத்திலும் வெளியே வந்தாக வேண்டும். புது எச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இந்தச் சூடான ஈரக்காற்று மேலே எழும்பி, போக வழியில்லாமல் தகட்டில் பட்டுக் குளிர்ந்து, சொட்டாகத் திரும்பி வருகிறது. மழை வெளியே பெய்தது, என் கூட்டுக்குள்ளும் பெய்தது.

ஈரத்தோடு அம்மோனியா சேர்ந்துகொள்ளும். எச்சத்தில் வெள்ளையாகத் தெரியும் யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் வரும் நெடி அது. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் வேகம் பிடிக்கும். கோழிக்கொட்டகைக் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அது போகக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அதைத் தாண்டினால் மூச்சுக்குழாயைத் துப்புரவாக வைத்திருக்கும் நுண்மயிர்கள் கெட்டு, சளி நோய்களுக்கு வழி திறந்துவிடும். நம் மூக்கு இந்த நெடிக்குச் சீக்கிரம் பழகிப்போகும் என்பது இன்னொரு தொல்லை. பகலில் கதவு திறந்திருக்கும்போது மோந்து பார்ப்பதில் பயனில்லை. விடிவதற்கு முன், கதவைத் திறந்த அந்தக் கணத்தில், கட்டை இருக்கும் உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோய் முதல் மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். நான் அப்படிச் செய்த அன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்வாங்கினேன். கோழிகள் அந்தக் காற்றில் இரவெல்லாம் இருந்திருக்கின்றன.

பலகையைத் திறந்து வைத்தாலாவது சரியாகியிருக்குமா? இல்லை. அது கோழியின் மார்பு உயரத்தில் இருந்தது. திறந்தால் காற்று நேராக உடம்பில் அடிக்கும், மூடினால் ஈரம் தங்கும். காற்று போகும் வழி தலைக்கு மேலே இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது: உள்ளே போக மறுத்தல்

நான்காவது மாதம் கோழிகள் அந்தியில் கூட்டுக்குப் போவதை நிறுத்தின. வலைக்குள் நின்றுகொண்டு, சாய்பலகையில் ஏறி, வாசலில் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விடுவது தினசரி வேலை ஆனது. பாம்பு வந்திருக்குமோ என்று இரண்டு நாள் தேடினேன். முட்டை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. கொண்டை வெளுத்தது.

பேனாக இருக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பகலில் ஒவ்வொன்றாகப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தேன்; ஒன்றும் இல்லை. அதோடு அந்தச் சந்தேகத்தை மூடிவிட்டேன். பத்து நாள் வீணாகப் போனது அதனால்தான்.

ஒரு நாள் இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய், கட்டையின் நுனி செருகியிருந்த குழியை ஒரு வெள்ளைக் காகிதத்தால் துடைத்தேன். காகிதத்தில் சிவப்புக் கோடுகள். கட்டையைப் பிடுங்கியபோது குழிக்குள் மிளகுத்தூள் கொட்டியதுபோல் ஒரு கூட்டம் அசைந்தது. கோழிகளின் சிவப்புச் செள். பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு, அளவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இது பறவையின் மேல் குடியிருக்காது. பகலெல்லாம் மர இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் ஏறி இரத்தம் குடித்துவிட்டு மறுபடி இடுக்குக்கே திரும்பிவிடும். பகலில் நான் இறகைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்றும் கிடைக்காதது அதனால்தான். வெதுவெதுப்பான காலத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம்வரை ஒரு வாரத்தில் முடித்துவிடும். இரத்தமே கிடைக்காவிட்டாலும் பல மாதம் உயிரோடு காத்திருக்கும்.

கோழிகள் உள்ளே போக மறுத்ததற்கு அர்த்தம் இப்போது புரிந்தது. அடம் பிடிக்கவில்லை, படுக்கையில் மூட்டைப்பூச்சி இருந்தால் நாமும் அப்படித்தான் நிற்போம்.

கூட்டை ஒழுங்காகச் சுத்தம் செய்ய முயன்றேன். அப்போதுதான் அதன் அமைப்பு எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. சுவர்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய மெல்லிய பலகைகள், அத்தனை இணைப்பும் ஓர் இடுக்கு. கூரைத் தகட்டுக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே கைநுழையாத வெளி. தச்சு வேலை தெரிந்த அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, “தம்பி, இதைச் செள்ளுக்குக் கட்டியிருக்காங்க. கோழி வாடகைக்கு இருக்குது” என்றார்.

நான்காவது: நாய்

தூங்கும் அறைக்குள் போக மறுத்த கோழிகளை இரண்டு இரவு வலைப்பகுதியிலேயே விட்டேன். இரண்டாவது இரவு நாய் வந்தது. ஈர மண்ணில் கால்தடம் தெளிவாக இருந்தது. அறுகோணக் கண் வலை எங்கேயும் அறுந்திருக்கவில்லை. சட்டத்தில் வலையைப் பிடித்திருந்த ஸ்டேப்ளர் பின்கள்தான் ஒரு பக்கம் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. மெல்லிய மரத்தில் அரை அங்குலம்கூட இறங்காத பின்கள். ஒரு நாயின் எடைக்கு அவை எம்மாத்திரம்.

போன கோழி எது என்று சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். புள்ளிக்காரி இல்லை. முன்வரிசையில் கம்பீரமாக உட்காரும் கறுப்பிதான் போனாள். வலையை ஒட்டிப் படுத்திருந்தவள் அவள்.

கோழிவலை என்று விற்கும் அந்த மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதை நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலையே இரவுக்குரியது. அதையும் பின் அடித்து விடாமல், மேலே ஒரு பட்டைச் சட்டத்தை வைத்தோ அகலமான வாஷர் போட்டோ திருகாணியால் இறுக்க வேண்டும்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா

மூன்று வழிகள் இருந்தன. கொஞ்சம் பெரிய ஆயத்தக் கூடு இன்னொன்று வாங்கலாம். இடுக்கில்லாத பிளாஸ்டிக் கூடு வாங்கலாம். சொந்தமாகக் கட்டலாம்.

பிளாஸ்டிக் கூட்டை நான் இலேசாக ஒதுக்கவில்லை. நீர் பீய்ச்சிக் கழுவி அரை மணியில் காய வைத்துவிடலாம். செள் ஒளிய இடம் குறைவு. இரண்டு மூன்று கோழி மட்டும் வைத்திருப்பவர், மரவேலை பழக்கமில்லாதவர் என்றால் அதையே வாங்கச் சொல்வேன். எனக்குப் பிடிக்காதது காற்றோட்டம். நான் பார்த்த மாதிரிகளில் துளைகள் சிறியவை, வெயிலில் உள்ளே புழுக்கம். பழைய தோட்டக் கொட்டில் ஏதாவது கையில் இருந்தால் அதுதான் எல்லாவற்றையும்விட நல்ல தொடக்கம்: மனிதர் நிமிர்ந்து நிற்கலாம், மேலே சுவரை வெட்டி வலை அடித்தால் போதும். என்னிடம் அப்படி ஒன்று இல்லை. கட்டுவது என்று முடிவானது.

எத்தனை கோழிக்கு என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். கையில் ஐந்து. இனி வாங்கும் ஆசை வரும் என்று எனக்கே தெரியும். எட்டுக்குக் கட்டினேன்.

கட்டிய கூடு

மொத்த அடித்தளம் 12 அடிக்கு 8 அடி, முழுவதும் கூரையின் கீழ். ஒரு முனையில் 6 அடிக்கு 4 அடி தூங்கும் அறை, தரையிலிருந்து 2 அடி உயரத்தில். அறைக்குக் கீழே இருக்கும் இடமும் கோழிகளுக்கே. எட்டு வந்தாலும் உள்ளே ஆளுக்கு 3 சதுர அடி, வெளியே 12. உள் அளவு 4 சதுர அடி இல்லையே என்று கேட்கலாம். பகலில் அறைக்குள் அடைத்து வைக்கப் போவதில்லை, மழையிலும் கூரையுள்ள வெளி இருக்கிறது என்பதால் துணிந்தேன்.

2 அடி உயரம் ஏன்? அரை அடி உயரத்தில் தூக்கி வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. எலிக்குக் கூரையோடு கட்டிக்கொடுத்த வீடு அது. ஒன்று, தரையோடு ஒட்டி அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கோழி உள்ளே நடமாடும் அளவுக்கு, நாம் குனிந்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு உயர்த்த வேண்டும்.

அமர்கட்டையில்தான் அதிக நேரம் செலவிட்டேன். ஒரே ஒரு கட்டை, 6 அடி நீளம். 72 அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 9 அங்குலம். இரண்டாவது கட்டை தேவைப்படவில்லை. படிப்படியாக ஏணிபோல் வைத்தால் மேல்படிக்குச் சண்டை வரும். ஒரே மட்டம் என்றால் சண்டை ஓரளவோடு முடிகிறது. உருட்டுக் கம்பாக இல்லாமல் 2 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டம், அகலப் பக்கம் மேலே, ஓரங்களை மட்டும் இழைத்து மழுக்கியது. மெல்லிய கம்பில் எடை முழுவதும் பாதத்தின் நடுவில் அழுந்தும். சொரசொரப்பான கட்டையும், உயரத்திலிருந்து கெட்டித் தரையில் குதிப்பதும் சேர்ந்தால் பாதத்தில் சிராய்ப்பு வந்து சீழ்க்கட்டி ஆகிவிடும். கட்டையின் உயரம் இரண்டரை அடி. குதித்து இறங்க எதிரே 3 அடி வெற்றிடம்.

முக்கியமான மாற்றம் நுனியில். கட்டையைச் சுவர்க் குழியில் செருகவில்லை. சுவரில் திருகிய இரும்புத் தாங்கியில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. ஒரு கையால் தூக்கி வெளியே எடுத்துவிடலாம். செள் வந்தால் முதலில் கூடும் இடம் அந்தத் தாங்கிதான். அங்கே தேடினால் போதும். சுவருக்குச் செருகுபலகை வேண்டாம் என்று முழு பிளைவுட்டாகப் போட்டு, மூலை இணைப்புகளை சிலிக்கான் பசையால் அடைத்தேன். கட்டைக்குக் கீழே மணல் பரப்பிய எச்சப்பலகை ஒன்று. இரவு எச்சம் அதில் விழுகிறது, காலையில் சல்லடைக் கரண்டியால் இரண்டு நிமிட வேலை. அறைக்குள் ஈரமும் நெடியும் குறைந்ததற்குப் பாதிக் காரணம் இந்தப் பலகை.

மீதிப் பாதி காற்று. இரண்டு நீளச் சுவர்களின் உச்சியிலும் கூரைக்குக் கீழே 6 அங்குல உயரத்துக்கு, 6 அடி நீளமும் திறந்தே விட்டு அரை அங்குல வலை அடித்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து 6 சதுர அடி. கூரை ஓர் அடி வெளியே நீட்டியிருப்பதால் சாரல் உள்ளே வராது. அந்த வழியை மூட எந்தப் பலகையும் வைக்கவில்லை. வைத்தால் ஒரு மழைநாளில் நானே மூடிவிடுவேன். காற்று கோழிமேல் அடிக்கிறதா என்று பார்க்க, கட்டையின் மேல் ஒரு மெல்லிய காகிதக் கீற்றை நூலில் தொங்கவிட்டேன். காற்று பலமாக வீசிய இரவில்கூட அது இலேசாகவே அசைந்தது.

முட்டைப் பெட்டி ஓர் அடிக்கு ஓர் அடியாக இரண்டு. நான்கைந்து கோழிக்கு ஒன்று போதும். எத்தனை வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும். பெட்டியின் தரை கட்டையைவிட ஓர் அடி தாழ்வு, மேற்பலகை சரிவு. முட்டை எடுக்க வெளியே இருந்து மேல்மூடி வைத்தேன், அது என் தவறு. முதல் மழையிலேயே கீல் இருந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி வைக்கோல் நனைந்தது. பிறகு மேலே ஒரே தகடாக மூடிவிட்டு, முன்பக்கச் சுவர் கீழ்நோக்கித் திறக்கும்படி மாற்றினேன். வாங்கும் கூடுகளிலும் மேல்மூடிதான் பெரும்பாலும் இருக்கிறது.

அடியில் தோண்டி வருவதைத் தடுக்க வலையை மண்ணுக்குள் புதைக்கவில்லை. சுற்றிலும் 2 அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து, சுவர் வலையோடு கம்பியால் தைத்தேன். தோண்டும் விலங்கு சுவரின் அடியில்தான் தொடங்கும், பின்னால் 2 அடி தள்ளிப் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. புல் வளர்ந்ததும் வலை மறைந்துவிட்டது. கதவுகளுக்குக் கொண்டியோடு ஒரு வளைய ஊக்கு.

வலை வெட்டும்போது நான் கவனிக்காத ஒன்று: துண்டுக் கம்பிகள். கோழிக்கு மினுங்குவதெல்லாம் இரை. முதல் நாளே ஒன்று எதையோ கொத்தி விழுங்கப் போனதைப் பார்த்து ஓடிப் பறித்தேன். அரை அங்குலக் கம்பி. விழுங்கிய கல்லைக் கொண்டு இரையை அரைக்கும் இரைப்பைக்குள் அது போனால் சுவரைத் துளைத்துவிடும், துத்தநாகப் பூச்சு நஞ்சாகவும் ஆகலாம். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுவதும் இழுத்தேன். ஒரு கைப்பிடி சேர்ந்தது.

குடியேற்றம்

பழைய கூட்டின் மரத்தில் ஒரு துண்டுகூடப் புதியதில் சேர்க்கவில்லை. மனம் வரவில்லைதான், நல்ல சட்டங்கள் இருந்தன. பட்டினியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் பூச்சியை நானே சுமந்து போவானேன். கீல், தாழ்ப்பாள் போன்ற இரும்பை மட்டும் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தேன்.

கோழிகளை மாற்றியது நடுப்பகலில். பொதுவாக இருட்டிய பிறகு மாற்றுவது சுலபம், பறவை அமைதியாக இருக்கும். ஆனால் இரவில்தான் செள் உடம்பில் இருக்கும். பகலில் பறவைமேல் அநேகமாக ஒன்றும் இருக்காது. முதல் நான்கு நாள் புதிய அறையையும் கூரையிட்ட வெளியையும் விட்டு எங்கும் விடவில்லை. ஐந்தாம் நாள் அந்தியில் நான் தொலைவில் நின்று பார்த்தேன். ஐந்தும் தாமாக ஏறிப் போயின.

எட்டு மாதத்துக்குப் பிறகு

தும்மல் இரண்டு வாரத்தில் நின்றது. கொண்டை நிறம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அழுக்கு முட்டை ஏறக்குறைய இல்லை. ஒன்று மட்டும் பழைய பழக்கத்தில் பெட்டியில் தூங்கப் போனது. அந்தியில் பெட்டியின் வாயை அட்டையால் மூடி, அது கட்டையேறிய பிறகு எடுத்துவிடுவதை இரண்டு வாரம் செய்தேன், மறந்துவிட்டது. புள்ளிக்காரி இப்போதும் கொத்து வரிசையில் கடைசிதான். ஆனால் கட்டையின் இடது ஓரத்தில் அவளுக்கென்று 9 அங்குலம் இருக்கிறது.

செள் மறுபடி வந்தது. மூன்றாம் மாதம் காகிதச் சோதனையில் ஒரு தாங்கியில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. கட்டையைத் தூக்கி வெயிலில் போட்டு, தாங்கியில் கொதிநீர் ஊற்றித் துடைத்து, வாரம் ஒருமுறை என்று நான்கு வாரம் தொடர்ந்தேன். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். காட்டுப் பறவைகள் வழியாக அது எப்போதும் வரத்தான் செய்யும்.

சரியாக அமையாதவையும் உண்டு. தண்ணீர்ப் பாத்திரத்தை முதலில் அறைக்குள் வைத்தேன், அதைச் சுற்றித் தரையில் பரப்பியிருந்த கூளம் நனைந்து கட்டியானது. இப்போது அது வெளியில். கூளத்தைக் கைப்பிடி எடுத்து இறுக்கிவிட்டு விரித்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் எங்கோ ஈரம் இருக்கிறது. தீவனத்தை இரவில் வெளியே விட்டு வைத்ததால் எலி வரத் தொடங்கியது. கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம்தான் தின்னும் என்பதால், அளந்து வைத்து மாலையில் எடுத்துவிடுகிறேன். தகரக் கூரை பகலில் கொதிக்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். தகரத்துக்கு மேல் ஒரு கை இடைவெளி விட்டு நிழல்வலை கட்டிய பிறகு மதியத்தில் அவை வாய் திறந்து நிற்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

அப்புறம் அந்தக் கதவு. மனிதர் நுழையும் கதவை 2 அடி அகலத்துக்கு வைத்தேன். கூளம் அள்ள வைத்திருக்கும் தள்ளுவண்டி 26 அங்குலம். ஒவ்வொரு முறையும் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கூடை கூடையாகச் சுமக்கிறேன். மழை விட்டதும் நிலைச்சட்டத்தைக் கழற்றி அகலப்படுத்த வேண்டும்.